இசக்கி அடித்த பந்தும் நான் எழுதிய வரியும்

1

போன சனிக்கிழமை ஆக்லாந்தில் சாஃப்ட்பால் பருவம் தொடங்கியது. காலையிலிருந்தே எங்கள் அணியின் வாட்சப் குழுவில் ஒரே விவாதம். இந்த வருடமாவது எதிரணியான மரக்கிடங்குக்காரர்களை மிஞ்சிக் கோப்பையைத் தூக்குவோமா, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிஜிப் பையன் அடிப்பானா, எறிகிறவருக்கு முழங்கால் வலி தீர்ந்ததா என்று ஆளாளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் யாரோ ஒருவர், "இசக்கி இருந்தா இந்தப் பேச்சே வேணாம்" என்று எழுதினார். அதன் பிறகு அரைமணி நேரம் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்கிவிடுகிறேன். பேஸ்பால் தெரியும் அல்லவா, அதற்குத் தம்பி முறை. பந்து கொஞ்சம் பெரிது, மைதானம் கொஞ்சம் சிறிது, எறிகிறவர் கையைக் கீழிருந்து சுழற்றி எறிவார். அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நான்கு மூலையையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் தங்களுக்குள் அணி வைத்துக் கோடை முழுக்க விளையாடுகின்றன. எங்களுடையது உறைந்த உணவு வைக்கும் குளிர்க்கிடங்கு. அங்கே நான் சரக்கு இருப்பைச் சரிபார்ப்பவன். எந்த அடுக்கில் எத்தனை பெட்டி என்று நான் சொல்லுவதை மற்றவர்கள் நம்புவார்கள். என் உத்தியோகமே அவ்வளவுதான்.

2

இசக்கிமுத்து சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். வேலை விசாவில் வந்து, மைனஸ் பதினெட்டு டிகிரி அறைக்குள் பெட்டி எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தான். ஆக்லாந்தின் மேற்கே மாசி என்கிற பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தான். ஊரில் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் சிக்ஸர் அடிப்பதற்காகவே அவனை ஊர் ஊராக அழைத்துப் போவார்களாம். போன வருடம் பருவத் தொடக்கத்தில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியதால், அணித்தலைவர் செமிசி அவனைக் கூப்பிட்டார். செமிசி டோங்காக்காரர், எங்கள் சரக்கேற்றும் பகுதிக்கு மேற்பார்வையாளர்.

முதல் ஆட்டத்தில் இசக்கி பண்ணியது இன்னும் எங்கள் உணவறையில் நகைச்சுவை. முதல் பந்தைத் தரையோடு தட்டினான். தட்டிவிட்டு அப்படியே நின்றான். கிரிக்கெட்டில் ஓட்டம் இல்லையென்றால் நிற்கலாம் அல்லவா. "ஓடு, ஓடு" என்று எல்லாரும் கத்த, அவன் கையைக் காட்டி "வேண்டாம்" என்று சைகை செய்தான், மறுமுனையில் இல்லாத கூட்டாளிக்கு. பாதி மைதானம் சிரித்துச் சரிந்தது. அடுத்த முறை பந்து வலப்பக்க ஆளைத் தாண்டிப் போனது. இப்போது ஓடினான், ஆனால் மட்டையோடு. முதல் மூலைக்குப் போனதும் காலால் தொடாமல் மட்டையை நீட்டித் தரையில் ஊன்றினான். அவுட்.

"மட்டையைக் கீழே போடணும்டா" என்றேன்.

"அதெப்படிண்ணே போடுதது? விளையாடுத சாமான்லா" என்றான்.

மூன்றாவது முறை அந்தக் கவலையெல்லாம் இல்லாமல் போயிற்று. முழங்காலுக்குக் கீழே வந்த பந்தை அவன் குனிந்து வாரிச் சுழற்றியதில், அது வேலியையும் தாண்டி, வெளியே நின்ற கார்களையும் தாண்டி விழுந்தது. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நான்கு மூலையையும் மெதுவாகச் சுற்றி வந்தான். செமிசி மைதானத்தின் நடுவில் மண்டியிட்டுக் கும்பிட்டார்.

ஐந்து ஆட்டம் முடிந்தபோது ஏழு ஹோம் ரன்.

3

எங்களோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செல்வம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மவுண்ட் ரோஸ்கில்லில் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இசக்கியையும் என்னையும் கூப்பிடுவார். அவர் மகள் சஞ்சனா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அமெரிக்க பேஸ்பால் பைத்தியம். அப்பா தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் என்னவோ போல் இருக்கும். அவள் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

"ஏழு ஹோம் ரன் தம்பி. ஏழு. இந்த முறை கோப்பை எங்கடைதான்" என்றார் செல்வம் அண்ணை, மீன் குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டே.

"அஞ்சு ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது அப்பா. புதுசாக வருகிற எல்லாரும் முதல் மாதம் இப்படி அடிப்பார்கள். எறிகிறவர்களுக்கு இவனைத் தெரியாது. தெரிந்ததும் நெஞ்சு உயரத்துக்கு, உடம்பை ஒட்டி எறிவார்கள். அதோடு முடிந்தது."

"உவளுக்கு எல்லாம் நம்பர்தான். பிள்ளை, நீ அவன்ரை மணிக்கட்டைப் பாத்தனியே?"

"மணிக்கட்டு எல்லாருக்கும் இருக்கிறது."

"எங்கடை பெடியனைப் பற்றி ஒருநாளும் நல்லதாக் கதையாதை."

"நல்லதாகத்தான் சொல்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன்."

இசக்கி அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அவங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி" என்றான். "நெஞ்சுக்கு வார பந்து எனக்கு ஆவாது. ஊர்லயும் அதுலதான் அவுட் ஆவேன். இது எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் யோசிக்கேன்."

சஞ்சனாவுக்கு அன்று முதல் அவனைப் பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாயகன் தன் பலவீனத்தை மீன் குழம்புக்கு நடுவில் ஒப்புக்கொள்ளக்கூடாது என்று நினைத்தேன்.

4

நாயகன் என்ற சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் என் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பிலிருந்தே தெருவுக்கு நான்தான் எழுத்துக்காரன். மனு எழுதுவேன், கடிதம் வாசிப்பேன், எல்லாவற்றையும்விட முக்கியமாக ப்ளெக்ஸ் பேனருக்கு வாசகம் எழுதுவேன். காதுகுத்து, கல்யாணம், கிரிக்கெட் போட்டி, எதற்கும் ப்ளெக்ஸ் உண்டு. "எதிரணியின் எமனே", "மட்டை எடுத்தால் மலையும் நகரும்", "மூன்று நாள் உண்ணாமல் உறங்காமல் பயிற்சி எடுத்த மூர்த்தியே". மூர்த்தி மூன்று நாளும் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கியது ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள், உண்மை என்றும் சொல்லமாட்டார்கள். ப்ளெக்ஸ் என்று சொல்வார்கள். தன் பெயருக்கு மேலே அப்படி ஒரு வரி இருந்தால் ஒருவன் இரண்டு நாள் நிமிர்ந்து நடப்பான். அந்த நிமிர்வைக் கொடுக்க என்னால் முடிகிறது என்பதுதான் படிப்பு எனக்குத் தந்த முதல் பெருமை.

இங்கே வந்த பிறகு அந்தக் கைக்கு வேலையில்லை. கிடங்கில் நான் எழுதுவதெல்லாம் எண்கள். இசக்கி அடிக்கத் தொடங்கியதும் கை ஊறியது. ஒவ்வொரு ஞாயிறும் தமிழில் ஆட்ட வருணனை எழுதி அணியின் குழுவில் போட்டேன். கிடங்குத் தமிழர்களும் அவர்கள் வீட்டாரும் அதில் இருந்தார்கள். மலேசியாக்காரர் ஒருவர் அதைத் தன் தாயாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். "எழுத்தெண்டால் இது எழுத்து" என்று செல்வம் அண்ணை என் தோளில் தட்டினார். நான் ஆக்லாந்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

5

மரக்கிடங்கு அணியோடு ஆட்டம் வந்தது. ஐந்து வருடமாக அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் இசக்கி வேலைக்கு வரவில்லை. காய்ச்சலும் வாந்தியும். முறைப்படி காலையிலேயே தன் பகுதி மேற்பார்வையாளருக்குச் சொல்லி நோய் விடுப்பு எடுத்திருந்தான். இரண்டு நாள் காய்ச்சலுக்கு மருத்துவர் சீட்டு கேட்பது எங்கள் கிடங்கில் வழக்கமில்லை, அவனும் வாங்கவில்லை. வெள்ளி மாலை வேலை முடிந்து அரைமணி நேரத்துக்கு மேல் காரோட்டி மாசிக்குப் போனேன். இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் ஒரு வாளி. கொண்டுபோன கஞ்சியில் நாலு கரண்டி குடித்தான், அதையும் வாளியில் விட்டான்.

"நாளைக்கு வராதே" என்றேன்.

"வந்து உக்காந்தாச்சும் இருக்கேன்ணே. நான் வரலைன்னா செமிசி அழுதிருவாரு."

சனிக்கிழமை வந்தான். உட்காரவில்லை, ஆடினான். சஞ்சனா சொன்னது போலவே மரக்கிடங்குக்காரர்கள் நெஞ்சு உயரத்துக்கு எறிந்தார்கள். அவன் இரண்டு முறை அதையே வேலிக்கு வெளியே அனுப்பினான். ஒரே ஓர் ஓட்ட வித்தியாசத்தில் வென்றோம். எப்படிடா அடித்தாய் என்று கேட்டதற்கு, "தல சுத்திக்கிட்டே இருந்துதுண்ணே. பந்து சரியாவே தெரியல. கண்ண மூடிக்கிட்டு வீசினேன்" என்றான்.

இதை எப்படி எழுதுவது? வாந்தியெடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டு வீசினான் என்று ப்ளெக்ஸில் போட முடியுமா? ஞாயிறு காலை நான் எழுதியது இது. எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது:

"வியாழனும் வெள்ளியும் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, மாசி மைதானத்தில் பொழுது விடிந்தது முதல் அடையும் வரை முந்நூறு பந்துகளை நெஞ்சு உயரத்தில் எறியச் சொல்லி அடித்துப் பழகிய எங்கள் நெல்லைச் சிங்கம்..."

குழுவில் இதயங்களும் கைதட்டல்களும் குவிந்தன. இசக்கி மட்டும், "ஏண்ணே இப்படி?" என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

6

செமிசிக்குத் தமிழ் தெரியாது. தன் அணியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் இருந்தது. போனில் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினார். வழக்கமாக அந்த இயந்திரம் நம் மொழியைக் குதறி வைக்கும். அன்று ஒரு பிழை விடவில்லை. வாசித்துவிட்டு மனிதர் கலங்கிப்போனார். திங்கள் காலை அந்த ஆங்கில வடிவத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, வெற்றிப் புகைப்படத்தோடு சேர்த்து உணவறை அறிவிப்புப் பலகையில் தானே குத்தினார். "பிரதர், இதைப் படித்துவிட்டு என் மனைவி அழுதாள்" என்று என்னிடம் சொன்னார்.

செவ்வாய் மதியம் எச்.ஆர். அலுவலகத்திலிருந்து இசக்கியைக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி. செல்வம் அண்ணை போனார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்து தாழ்வாரத்தில் உட்கார, என்னைத் தனியாக உள்ளே அழைத்தார்கள்.

"உள்ளதைச் சொல்லிருங்கண்ணே. நீங்க வந்து பாத்தியள்லா" என்றான் இசக்கி. முகத்தில் பயமே இல்லை.

உள்ளே ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். கெட்டவர் இல்லை.

"இதை நீங்கள்தான் எழுதினீர்களா?"

"ஆமாம்."

"இதில் எழுதியிருப்பது நடந்ததா? நடக்காததை எழுதினேன் என்றால் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன். நீங்கள் கவனமானவர் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லுகிற எண்ணை நம்பித்தான் தினமும் லாரி அனுப்புகிறோம்."

அவர் மிரட்டவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் இங்கேயே தங்கிவிடுவதற்கான என் ரெசிடென்ட் விசா விண்ணப்பம் அப்போது குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. நிறுவனத்திடம் ஏதாவது விசாரிக்க வேண்டுமானால் இந்த அம்மாளிடம்தான் கேட்பார்கள். நடக்காததை நடந்ததாக எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால், நடக்காததை எழுதுகிற ஆள் என்று என்னைப் பற்றியும் ஒரு வரி விழும். வெள்ளிக்கிழமை அவனைப் போர்வைக்குள் பார்த்தேன் என்று சொல்லலாம். அடுத்த கேள்வி, பிறகு ஏன் இப்படி எழுதினீர்கள் என்பது. ஓர் உண்மையைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலம் காலை வாரிவிட்டது என்று புலம்பெயர்ந்தவர்கள் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். அன்று அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சொல்லவேண்டிய வாக்கியம் முழுதாக, இலக்கணச் சுத்தமாக என் வாயில் இருந்தது. நான் சொன்னது வேறு:

"மற்றவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு எழுதினேன். நான் நேரில் எதையும் பார்க்கவில்லை."

அவர் அதை எழுதிக்கொண்டு நன்றி சொன்னார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

வெளியே வந்தேன். "சொல்லிட்டியளாண்ணே?" என்று எழுந்தான்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

7

வேலையை விட்டு நீக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். ஆனால் அவனுடைய விசா முடிய நான்கு மாதம் இருந்தது, நீட்டிக்க நிறுவனம் ஆதரவுக் கடிதம் தர வேண்டும். நம்பிக்கை பாதிக்கப்பட்டிருப்பதால் இப்போதைக்குத் தர இயலாது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. வேறு இடம் தேடினான். வெளிநாட்டு ஆளை எடுக்க அனுமதி பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும், அதற்கு வரிசை இருக்கிறது, வரிசைக்குள் வரிசை இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நான்தான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். மிகச் சுத்தமாக நிரப்பினேன்.

கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் இசக்கி ஆடவில்லை, அன்று ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தான். வேலையும் கிடைக்கவில்லை, நாங்களும் தோற்றோம். செமிசி அறிவிப்புப் பலகைப் பக்கமே போவதில்லை. தன்னால்தான் நடந்தது என்று அவர் நினைக்கிறார். அவரிடம் போய் ஒரு சொல் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இசக்கி ஊருக்குப் போன மூன்றாவது வாரம் என் ரெசிடென்ட் விசா வந்தது.

மவுண்ட் ரோஸ்கில்லில் இந்தக் கதை இப்போது வேறு உருவத்தில் உலவுகிறது. செல்வம் அண்ணை யாரைப் பார்த்தாலும் சொல்வார்: "தம்பி உள்ளை போய் எல்லாம் விளக்கமாச் சொன்னவர். தன்ரை கண்ணாலை பாத்தது வரைக்கும் சொன்னவர். சொல்லி என்ன? எங்கடை சொல்லை உவங்கள் நம்புவாங்களே? முப்பது வருசம் இருந்தும் நாங்கள் வெளியாக்கள்தான்." கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவரவருக்கு நடந்த அவமானம் ஒன்று நினைவுக்கு வரும், அதையும் சொல்வார்கள். அவையெல்லாம் உண்மையாகவே நடந்தவை. அந்த உண்மைகளுக்கு நடுவில் என்னுடையதையும் வைத்து, நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த அறையில் நம்மவன் சொல்லை அவர்கள் நம்பாமல் போகவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார்கள். அதனால்தான் அவன் போனான்.

சஞ்சனா ஒருமுறை மட்டும் கேட்டாள். "நீங்கள் எல்லாம் சொன்னதாக அப்பா சொல்கிறார். அப்படியானால் தீர்மானம் ஏன் அப்படி வந்தது? எனக்குக் கணக்கு இடிக்கிறது."

"இந்த ஊர் அப்படித்தான்" என்றேன்.

"நான் இந்த ஊரில்தான் பிறந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது அவள் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. பிள்ளைகள் ஒட்டாமல் போகிறார்கள் என்று செல்வம் அண்ணை என்னிடமே குறைப்படுகிறார்.

8

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து காருக்கு வந்தபோது இசக்கி வீடியோவில் கூப்பிட்டான். இப்போது தென்காசியில் ஒரு சிமெண்டுக் கடையில் இருக்கிறான்.

"என்னண்ணே, ஜெயிச்சோமா?"

"ரெண்டு ஓட்டத்துல தோத்தோம்."

"அந்தப் புதுப் பையன் எப்படி? கீழ்ப் பந்து அடிப்பானா, மேல் பந்தா?"

"மேல் பந்துதான் அடிக்கிறான்."

"அப்படின்னா இந்த வருசம் கோப்பை நமக்குத்தாண்ணே. மேல் பந்து அடிக்கவனைத் தடுக்க முடியாது. செமிசிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அவனை நாலாவதா இறக்கச் சொல்லி." இன்னும் எங்கள் அணி என்றுதான் பேசுகிறான். பத்து நிமிடம் அதையே பேசினான். பிறகு, "அம்மா பேசணும்னு நிக்கா, ஒரு நிமிசம்" என்று போனை நீட்டினான்.

அவர் திரையில் என் முகத்தைத் தேடினார். என் அம்மாவைப் போலவே போனைக் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடித்திருந்தார்.

"ஐயா, நல்லாருக்கியளா? எம்புள்ள எல்லாம் சொன்னான். அங்கன அத்தனை பேரு இருந்தும், ஆபீசர் அம்மாட்ட போயி அவனுக்காவப் பேசுனது நீங்க ஒராளுதானாம்லா. எங்க சனத்துல படிச்ச ஆளு கிடையாது. படிப்புன்னா என்னத்துக்குன்னு கேப்பேன். இப்ப தெரியுது. பயப்படாம உள்ளதச் சொல்லத்தான."

நான் என்ன சொன்னேன் என்று எழுதியாக வேண்டும். "ஆமாம்மா" என்று சொன்னேன்.

அவருக்கு எழுத்து தெரியாது. இசக்கிக்குத் தெரியும். இது அச்சில் வந்ததும் அவனுக்கும் செல்வம் அண்ணைக்கும் அனுப்பப்போகிறேன். எச்.ஆர். அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய இதன் ஆங்கிலப் பிரதி என் மேசையில் கையெழுத்தாகி இருக்கிறது. வரும் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதை எழுதி முடிக்கும் இன்று புதன்.